இருட்டு ரோட்டுக்கு கார் ஹெட்லைட்டை தேத்துறது எப்படி: பல்பு வாங்குறது ஆறாவது வேலை

எங்க ஊரு அறந்தாங்கிக்கு தெக்க, மெயின் ரோட்ட விட்டு இறங்கி 11 கிலோமீட்டர் உள்ள போகணும். அந்த 11 கிலோமீட்டர்ல ராத்திரி வெளிச்சம்னா நம்ம வண்டில இருந்து வர்றது மட்டும் தான். அறுப்பு சமயத்துல ரோட்டுல பாதிய மறிச்சு நெல்லு காயப்போட்டு ஓரத்துல கருங்கல்லு அடுக்கி வச்சிருப்பாங்க, சாயங்காலம் நெல்ல அள்ளிட்டு கல்ல அப்டியே விட்டுட்டு போயிருவாங்க. டெயில் லைட் எரியாத டிராக்டர் டிரெய்லர், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, தார் சூட்டுக்கு நடு ரோட்டுல வந்து படுத்துக்குற நாய், இதெல்லாம் தினப்படி சமாச்சாரம்.

என் வண்டி, மச்சான் வண்டி, சித்தப்பா வண்டினு இதுவரைக்கும் ஒரு ஏழெட்டு காருக்கு ஹெட்லைட் வேலை பாத்துட்டேன். அத்தன பேரும் ஒரே மாதிரி தான் ஆரம்பிச்சாங்க. முதல்ல ஆன்லைன்ல பல்ப ஆர்டர் போட்டுட்டு, மாட்டிட்டு, பத்தலனு இன்னும் பெரிய பல்பு வாங்கிட்டு, கடைசில எதிர்ல வர்றவன்கிட்ட திட்டு வாங்கிட்டு தான் என்கிட்ட வந்தாங்க. வரிசை மாறுனா காசும் போகும் வெளிச்சமும் வராது, அதனால கீழ இருக்குற வரிசையிலயே போங்க.

1. உங்க வண்டில என்ன இருக்குனு முதல்ல தெரிஞ்சுக்கங்க

பானெட்ட திறந்து ஹெட்லைட்டுக்கு பின்னாடி இருக்குற ரப்பர் மூடிய கழட்டுனா பல்பு தெரியும், அதோட அடிப்பக்கத்துலயே என்ன டைப்புனு அடிச்சிருக்கும். நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்கள்ல நிறைய எச்4 தான். ஒரே பல்புக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட், பின்னாடி மூணு பின். எச்7, எச்11 மாதிரி இருந்தா பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி பல்பு இருக்கும்.

அப்புறம் ரிஃப்ளெக்டரா புரொஜெக்டரானு பாருங்க. உள்ள கிண்ணம் மாதிரி பளபளனு இருந்தா ரிஃப்ளெக்டர், முன்னாடி உருண்டையா லென்ஸ் கண்ணு மாதிரி தெரிஞ்சா புரொஜெக்டர். ஆறாவது வேலையில எந்த பல்பு சரிப்படும்ங்கறது இத பொறுத்து தான்.

கம்பெனியிலயே எல்இடி ஹெட்லைட் வந்த வண்டினா 3, 7, 9 மட்டும் பாத்தா போதும், வயரிங்ல கை வைக்காதீங்க. அதுல பல்ப மட்டும் தனியா மாத்துறது பெரும்பாலும் ஆகாது. அதே மாதிரி வாரண்டில இருக்குற புது வண்டில எந்த வயரையும் வெட்டக்கூடாது. வெட்டுன வயர காரணம் காட்டி எலக்ட்ரிக்கல் வாரண்டிய மறுக்குறது சகஜம்.

2. கைல வேண்டிய சாமான்

ஒரு மல்டிமீட்டர், முன்னூறு நானூறு ரூபாய் மீட்டரே போதும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் நீளமானது ஒன்னு, 10 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், மாஸ்கிங் டேப், அளவு டேப், துணி. இதுக்கு மேல ஒரு சாமான் இருக்கு, யாரும் யோசிக்க மாட்டாங்க: கொத்தனார் வச்சிருக்குற தண்ணி டியூப் லெவல். ஏழாவது வேலைல அது இல்லாம நான் இறங்குறதில்ல. பக்கத்துல எங்கயாச்சும் வீடு கட்டிட்டு இருந்தா ஒரு மணி நேரம் கேட்டா குடுப்பாங்க.

இடம்னு பாத்தா, சமதளமான தரையும் அதுக்கு எதிர்ல ஒரு வெள்ளச்செவுரும் வேணும். எனக்கு ரைஸ் மில் செவுரு கிடைச்சுது. ராத்திரி ஏழரைக்கு மேல மில் களத்துல ஆள் இருக்காது, தரையும் சிமென்ட்.

3. கண்ணாடி வேலை, ரெண்டு கண்ணாடியும்

ஹெட்லைட் பத்தலனு வர்ற வண்டில நான் முதல்ல துடைக்குறது விண்ட்ஷீல்டோட உள்பக்கம். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயில்ல காய்ஞ்சு விடுற ஆவி, ஏசி ஈரம், தூசி எல்லாம் சேந்து உள்பக்கம் ஒரு மெல்லிசான படலம் படிஞ்சிருக்கும், பகல்ல தெரியவே தெரியாது, ராத்திரி எதிர்ல ஒரு லாரி வந்தா கண்ணாடி முழுக்க பால் ஊத்துன மாதிரி ஆயிரும். கண்ணாடி கிளீனரும் சுத்தமான துணியும் போட்டு ரெண்டு தடவ துடைங்க. முதல் தடவ துடைச்ச துணிய பாத்தா உங்களுக்கே புரியும். வைப்பர் ரப்பர் கிழிஞ்சிருந்தா கீறல் விழுந்து அதுவும் வெளிச்சத்த சிதறடிக்கும், மாத்திருங்க.

அடுத்து ஹெட்லைட்டோட முன் கண்ணாடி. கண்ணாடினு சொல்றோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல ஒரு புற ஊதா தடுப்பு பூச்சு இருக்கும், வருஷக்கணக்குல வெயில்ல நின்னா அது போயி மஞ்சளாயிரும். மஞ்சளான லென்ஸுக்குள்ள எவ்ளோ பெரிய பல்பு போட்டாலும் வெளிச்சம் வெளிய வராது, உள்ளயே செதறி எதிர்ல வர்றவன் கண்ணுல தான் அடிக்கும்.

பேஸ்ட் போட்டு தேய்க்குற வித்தை வீடியோல நல்லா இருக்கும், சில வாரத்துல பழையபடி ஆயிரும். சரியா பண்ணனும்னா சுத்தி பெயின்ட்ல படாம மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, தண்ணி விட்டுக்கிட்டே 800, 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாள்னு வரிசையா தேய்ங்க. ஒவ்வொரு நம்பருக்கும் திசைய மாத்துங்க, ஒன்னுல படுக்க வாக்குலனா அடுத்ததுல நெட்டுக்குத்தா. அப்ப தான் முன்னாடி தாள் போட்ட கீறல் போயிருச்சானு தெரியும். 2000 முடிச்சப்புறம் பாலிஷ், அதுக்கு மேல புற ஊதா தாங்குற கிளியர் கோட் ஸ்ப்ரே.

புதுசா பண்றவங்க பாலிஷோட நிறுத்திருவாங்க. பளபளனு இருக்கும்ல, போதும்னு தோணும். ஆனா நீங்க மிச்சமிருந்த பூச்சையும் சேத்து தேய்ச்சு எடுத்துட்டீங்க, கிளியர் கோட் போடலனா சில மாசத்துல முன்ன விட மோசமா மஞ்சளாகும்.

இதோட நிறுத்திட்டு ஒரு ராத்திரி ஓட்டி பாருங்க. என் மச்சான் வண்டிக்கு இதுவும் ஏழாவது வேலையும் மட்டும் தான் பண்ணேன், பல்பே மாத்தல, இப்ப வரைக்கும் அதுல தான் ஓட்டுறான்.

4. பேட்டரில எவ்ளோ வோல்ட், பல்புல எவ்ளோ வோல்ட்

இத யாரும் அளக்குறதே இல்ல. எனக்கு இதுல தான் ரொம்ப ஆச்சரியம் கிடைச்சுது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ஹாலஜன் பல்புக்கு (மேல சொன்ன எச்4, எச்7, எச்11 எல்லாம் இந்த வகை தான்) வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் கொஞ்சமா குறையாது, தடாலடியா குறையும். தோராயமா சொன்னா வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சத்துல முப்பது சதவீதம் காலி. பழைய வண்டிகள்ல ஹெட்லைட் கரண்ட் முழுசும் பேட்டரில இருந்து ஸ்டியரிங் பக்கத்துல இருக்குற சுவிட்ச் வரைக்கும் போயிட்டு திரும்பி முன்னாடி வரும், மெல்லிசான வயர்ல. ரெண்டு பக்கமும் சேத்தா 9 ஆம்பியர் சொச்சம். வழியில சூடாகியே கொஞ்சம் சத்து போயிரும்.

அளக்குறது இப்டி. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி லேசா ரேஸ் குடுத்த மாதிரி வச்சுக்கங்க, டிம் லைட்ட போடுங்க. முதல்ல பேட்டரி ரெண்டு முனையிலயும் அளங்க. அப்புறம் பல்பு சாக்கெட்டோட பின்பக்கமா மீட்டர் முனைய நுழைச்சு பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளங்க.

பல்பு மாட்டியே இருக்கணும், எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். சாக்கெட்ட கழட்டி வெறும் பின்ல அளந்தா கரண்டே ஓடாது, கரண்ட் ஓடலனா இழப்பும் இருக்காது, பேட்டரில இருக்குற அதே நம்பர் காட்டும். "எல்லாம் கரெக்டா தான்ணே இருக்கு"னு ஒரு தம்பி என்கிட்ட சாதிச்சான், அவன் இப்டி தான் அளந்திருந்தான்.

என் வண்டில பேட்டரில 14.1, பல்புல 12.3. அதாவது 1.8 வோல்ட் வழியிலயே போயிருச்சு, கணக்கு போட்டா மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிச்சம் காணாம போயிருக்கு. பல்பு என்னமோ நல்ல பல்பு தான்.

அந்த இழப்பு எந்த பக்கம்னு பிரிச்சு பாக்கலாம். மீட்டரோட ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ், இன்னொரு முனை பல்போட பாசிட்டிவ் பின், அங்க காட்டுறது பாசிட்டிவ் பக்க இழப்பு. எனக்கு 1.3. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் பல்போட எர்த் பின்னுக்கும் நடுவுல, எனக்கு 0.5. எர்த் பக்கம் 0.2க்கு மேல இருந்தா முதல்ல அத சரி பண்ணுங்க. ஹெட்லைட்டுல இருந்து வர்ற கருப்பு வயர் பாடில எங்க போல்ட் ஆகுதோ அங்க கழட்டி, துருவையும் பெயின்டையும் உப்புத்தாள் போட்டு பளிச்சுனு ஆக்கி, திருப்பி முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க. பத்து நிமிஷ வேலை, செலவு கிடையாது.

எர்த் ரொம்ப கெட்டுப்போனா ஒரு அடையாளம் இருக்கு. எச்4 வண்டில ஒரு பக்க லைட்டு மட்டும் மங்கலா, டிம்மும் பிரைட்டும் சேந்து எரியுற மாதிரி தெரியும். அப்டி இருந்தா பல்ப சந்தேகப்படாதீங்க.

மொத்த இழப்பு அரை வோல்டுக்குள்ள இருந்தா அஞ்சாவது வேலைய விட்டுட்டு ஆறுக்கு போயிருங்க. புது வண்டிகள்ல கம்பெனியே ரிலே குடுத்திருப்பாங்க.

5. ரிலே வயரிங்

ரிலேனா என்னனு ஒரு வரில: சுவிட்சுக்கு போற சின்ன கரண்ட வச்சு, பேட்டரில இருந்து நேரா வர்ற பெரிய கரண்ட திறந்து விடுற ஆளு. ஸ்டியரிங் பக்க சுவிட்சுக்கும் சுமை குறையும், பல்புக்கும் முழு வோல்ட் கிடைக்கும்.

எச்4க்குனே ரெடிமேடா ரிலே கிட் விக்குது. அத வாங்குங்க, முதல் தடவையே சொந்தமா வயர் இழுக்காதீங்க. வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. மெயின் வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் இருக்கணும், சில கிட்ல மேலுறை தடிமனா இருக்கும், உள்ள செம்பு நாலு மயிரு தான் இருக்கும். பல்பு ஹோல்டர் செராமிக்கா இருக்கணும். பிரைட்டுக்கு ஒரு ரிலே டிம்முக்கு ஒரு ரிலேனு ரெண்டு இருக்கணும், முடிஞ்சா ஃபியூஸும் ரெண்டு. ஒரே ஃபியூஸ்ல எல்லாம் ஓடி அது போச்சுனா 70ல போயிட்டு இருக்கும்போது சட்டுனு மொத்தமும் இருட்டாயிரும், அத ஒரு தடவ அனுபவிச்சா போதும்.

வேலைய ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. கடைசியா மாட்டுறதும் அது தான். ஸ்பேனர் தவறி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவுல விழுந்தா வர்ற பொறி சாதாரண பொறி இல்ல.

வண்டியோட ஒரு பக்க ஒரிஜினல் சாக்கெட் கிட்டோட ஆண் பிளக்ல போகும், அது தான் ரிலேக்கு சிக்னல். இன்னொரு பக்க ஒரிஜினல் சாக்கெட் சும்மா இருக்கும், டேப் சுத்தி தண்ணி போகாம கட்டி வச்சிருங்க, வெட்டி எறியாதீங்க, நாளைக்கு ரோட்டுல கிட் மக்கர் பண்ணுச்சுனா பழைய சாக்கெட்ட மாட்டி வீடு வந்து சேரலாம்.

ரிலேல நம்பர் போட்டிருக்கும். 30ல பேட்டரி, 87ல பல்பு, 85ம் 86ம் காயில், அதாவது சுவிட்ச்ல இருந்து வர்ற சின்ன கரண்ட் ஓடுற சுருள். மெயின் ஃபியூஸ் பேட்டரில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்குற வயர் எங்கயாச்சும் உரசி ஷார்ட் ஆனா அத காப்பாத்த எதுவும் கிடையாது, அதனால அந்த துண்டு எவ்ளோ குட்டையா இருக்கோ அவ்ளோ நல்லது.

ரிலேய பின் கீழ பாத்த மாதிரி மாட்டுங்க, மழைத்தண்ணி வழிஞ்சு போயிரும். ரேடியேட்டர் ஃபேன் பக்கமும் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கமும் வயர் போகக்கூடாது. எல்லா வயருக்கும் நெளிநெளியா இருக்குற பிளாஸ்டிக் ஸ்லீவ் போடுங்க. ஊர்ப்பக்கம் வண்டி வைக்கோல்போர் பக்கத்துல நிக்கும், எலிக்கு புது வயர்னா தனி ருசி.

எல்லாம் மாட்டிட்டு போட்டா லைட்டே எரியலயா, இல்ல டாஷ்போர்டுல நீல லைட்டு ஒரு மாதிரி எரியுதா? ஜப்பான் டிசைன் வண்டிகள் சிலதுல பாசிட்டிவ் எப்பவும் பல்புல வந்து நிக்கும், சுவிட்ச் எர்த்த தான் திறந்து மூடும். கிட்டோட காயில் எர்த்த பாடில குடுத்திருந்தா அந்த வண்டில வேலை செய்யாது, அந்த முனைய பாடில இருந்து எடுத்து ஒரிஜினல் சாக்கெட்டோட பொது பின்லயே குடுக்கணும். மீட்டர் இருந்தா வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிரலாம்: சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதே சாக்கெட்டோட ஒரு பின்ல 12 வோல்ட் காட்டுச்சுனா அது இந்த வகை.

முடிச்சதும் நாலாவது வேலைல அளந்த மாதிரியே திரும்ப அளங்க. எனக்கு பல்புல 12.3 இருந்தது 13.7 ஆச்சு. அதே பழைய பல்பு, வெளிச்சம் முன்னாடி இருந்தத விட நாப்பது சதவீதத்துக்கு மேல கூடிருச்சு. ஒரு எச்சரிக்கை, முழு வோல்ட் கிடைக்குறதால பழைய பல்பு ஆயுசு குறையும், சீக்கிரம் பியூஸ் போனா ஆச்சரியப்படாதீங்க.

6. இப்ப பல்பு

என் சிபாரிசு நல்ல கம்பெனியோட 60/55 ஹாலஜன், பிலிப்ஸோ ஆஸ்ரமோ, தெரிஞ்ச கடைல வாங்குங்க, போலி நிறைய ஓடுது. டப்பால கூடுதல் வெளிச்சம்னு பெரிய சதவீதம் போட்ட வகையும் இருக்கு. அதுல வெளிச்சம் நிஜமாவே கூடுதல் தான், ஆனா ஃபிலமென்ட் அதிக சூட்டுல எரியுறதால ஆயுசு கம்மி. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி ஓட்டுறவருக்கு சரி, தினமும் ஓட்டுறவரு அடிக்கடி மாத்த வேண்டி வரும்.

100/90 பல்பு. இத நானே பட்டிருக்கேன். ரிலே எல்லாம் தெரியாத காலம், ஒரு கடைல "தம்பி இத போட்டா பகல் மாதிரி இருக்கும்"னு மாட்டி விட்டாங்க. பகல் மாதிரி தான் இருந்துச்சு, ஒரு மூணு வாரம். அப்புறம் ஒரு நாள் வரும்போது பிளாஸ்டிக் கருகுற வாசம், இடது லைட்டு ஒரு தடவ சிமிட்டிட்டு அணைஞ்சுது. நிறுத்தி பானெட் திறந்து சாக்கெட்ட இழுத்தா வரல. செல்போன் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு பாத்தா சாக்கெட் காப்பி கலர்ல உருகி பல்போட பின்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் சேத்து 16 ஆம்பியருக்கு மேல அந்த மெல்லிசு வயர்ல போனா வேற என்ன ஆகும். ரிலேயும் செராமிக் ஹோல்டரும் இருந்தாக்கூட அந்த சூட்டுக்கு ரிஃப்ளெக்டரோட வெள்ளி பூச்சு நாளாவட்டத்துல பொசுங்கும், அதோட எதிர்ல வர்றவனுக்கும் நரகம். வேண்டாம்.

எல்இடிக்கு வர்றேன், இத தான எல்லாரும் கேப்பாங்க. ரிஃப்ளெக்டர் கிண்ணத்த ஃபிலமென்ட் எந்த இடத்துல, எந்த அளவுல இருக்கும்னு கணக்கு பண்ணி தான் வார்த்திருப்பாங்க. எச்4ல டிம் ஃபிலமென்டுக்கு அடில ஒரு குட்டி தகடு இருக்கும், வெளிச்சம் கீழ் பாதி ரிஃப்ளெக்டர்ல படாம மறைக்குறது அது தான், எதிர்ல வர்றவன் கண்ணு தப்பிக்குறதும் அதால தான். எல்இடில வெளிச்சம் விடுற சிப்பு வேற வடிவம், வேற தடிமன், தகடு ஒப்புக்கு இருக்கும். பத்து அடில பளீர்னு வெள்ளையா தெரியும், அந்த பக்கத்து வெளிச்சத்துக்கு கண்ணு பழகி தூரத்துல இருக்குறது இன்னும் இருட்டாயிரும்.

சித்தப்பா அவர் வண்டில போட்டுட்டு வந்தாரு. எதிர்ல நான் பைக்ல வந்தேன், ஒன்னும் தெரியாம ஓரங்கட்டி நின்னுட்டேன்.

"சித்தப்பா, டிம்ல போட்டு வரக்கூடாதா?"

"டேய், டிம்ல தான்டா வர்றேன்."

அன்னைக்கே கழட்டுனோம். மழை பெஞ்ச தார் ரோட்டுல அந்த 6000 கெல்வின் (வெளிச்சத்தோட கலர் அளவு, நம்பர் குறைஞ்சா மஞ்சள் பக்கம் போகும்) வெள்ளை வெளிச்சம் இன்னும் மோசம், ரோடு குடிச்சிரும், பள்ளம் தெரியாது. மார்கழி பனில முன்னாடி வெள்ளச்சீலை கட்டுன மாதிரி இருக்கும்.

புரொஜெக்டர் வண்டில எல்இடி ஓரளவு பரவால்ல, மறைக்குற தகடு புரொஜெக்டருக்குள்ளயே இருக்கு. அப்டி போட்டாலும் 4300 கெல்வின் பக்கம் எடுங்க, சிப்பு ரெண்டும் கடிகாரத்துல 3 மணி, 9 மணி இருக்குற திசைல நிக்கணும், பின்னாடி ஃபேனோட சேத்து ரப்பர் மூடி மூடுதானு பாருங்க. மூடலனு மூடிய தூக்கி போட்டா தூசியும் தண்ணியும் உள்ள போயி ரிஃப்ளெக்டர் காலி. ஹெட்லைட்ட சூடு பண்ணி பிரிச்சு உள்ள புரொஜெக்டர் வைக்குற வேலை அனுபவஸ்தருக்கு மட்டும், ஒட்டுற பசை ஒரு இடத்துல விட்டாலும் முதல் மழையில உள்ள மீன் தொட்டி.

ஆன்லைன்ல முழு ஹெட்லைட்டே வாங்குறவங்க இத கவனிங்க. நம்ம நாட்டுல இடது பக்கம் ஓட்டுறோம், அதனால நம்ம லைட்டு இடது பக்கம் தூக்கி, வலது பக்கம் தாழ்த்தி அடிக்கும். வலது பக்கம் ஓட்டுற நாட்டு லைட்ட வாங்கி மாட்டுனா அது நேரா எதிர்ல வர்றவன் மூஞ்சில தூக்கும். செவுத்துல எவ்ளோ லெவல் பண்ணாலும் சரியாகாது.

பல்பு மாட்டும்போது கண்ணாடிய விரலால தொடாதீங்க. விரல்ல இருக்குற எண்ணெய் பட்ட இடம் மட்டும் தனியா சூடாகி பல்பு சீக்கிரம் போகும். தொட்டுட்டா ஸ்பிரிட்ல துடைங்க. எச்4ல மூணு காது இருக்கும், அகலமான காது மேல பாத்து உக்காரணும். சரியா உக்காராம, பல்ப பிடிச்சு நிறுத்துற கம்பிய மாட்டிட்டீங்கனா பல்பு சாஞ்சு நிக்கும், வெளிச்சம் ஆகாயத்துக்கு போகும்.

7. செவுத்துல அடிச்சு லெவல் பாக்குறது

பல்பு மாத்துன ஒவ்வொரு தடவையும் இத பண்ணணும். முன்னாடியே பண்ணிட்டேன்ங்கறது செல்லாது.

டயர் காத்து சரியா இருக்கணும், பெட்ரோல் அரை டேங்க், டிரைவர் சீட்ல ஒருத்தர் உக்காந்திருக்கணும், டிக்கில அரிசி மூட்டை இருந்தா இறக்கிருங்க. உள்ள ஹெட்லைட் ஏத்தி இறக்குற திருகு இருந்தா 0ல வைங்க. இதெல்லாம் மாறுனா வண்டியோட மூக்கு ஏறும் இறங்கும், அப்புறம் அளவுக்கு அர்த்தமில்ல.

வண்டிய செவுத்துக்கு ஒட்டி நேரா நிறுத்தி, ரெண்டு லைட்டோட மையத்துக்கும் நேரா செவுத்துல டேப் ஒட்டி குறி போடுங்க. ரெண்டு குறியையும் சேத்து படுக்க வாக்குல ஒரு கோடு, ஒவ்வொரு குறிலயும் நெட்டுக்குத்தா ஒரு கோடு. இப்ப வண்டிய நேரா பின்னாடி எடுத்து 25 அடில நிறுத்துங்க.

இங்க தான் டியூப் லெவல். ஒரு முனைய லைட்டு மையத்துல பிடிங்க, இன்னொரு முனைய செவுத்துல பிடிங்க, தண்ணி டேப் கோட்டுலயே நின்னா தரை சமம். இறங்கியோ ஏறியோ நின்னா வேற இடம் பாருங்க. கண்ணுக்கு சமமா தெரியுற களம் ரெண்டு இன்ச் வாட்டமா இருக்கும், தண்ணி ஓடட்டும்னு தான கட்டியிருப்பாங்க. நமக்கு வேண்டிய மொத்த இறக்கமே 3 இன்ச், ரெண்டு இன்ச் தப்பான தரைல என்னத்த அளக்குறது. முதல் களத்துல எனக்கு அப்டி தான் ஆச்சு, மறுபடி கேட் பக்கமா வண்டிய திருப்பி போட வேண்டியதா போச்சு.

படுக்கைக்கோட்டுக்கு 3 இன்ச் கீழ இன்னொரு கோடு ஒட்டுங்க. 25 அடினா 300 இன்ச், அதுல ஒரு சதவீதம் 3 இன்ச், கணக்கு அவ்ளோ தான். டிம் லைட்ட போடுங்க. ஒரு லைட்ட அட்டை வச்சு மறைச்சுட்டு இன்னொன்ன பாருங்க, துணிய மேல போட்டு அப்டியே விட்டுறாதீங்க, சூட்டுல லென்ஸ் போயிரும்.

செவுத்துல வெளிச்சத்தோட மேல் விளிம்பு வலது பக்கம் படுக்கையாவும், நடுவுக்கு அப்புறம் இடது பக்கம் மேல ஏறியும் தெரியும். படுக்கையான பகுதி 3 இன்ச் கோட்டுல உக்காரணும், மேல ஏற ஆரம்பிக்குற மூலை நெட்டுக்கோட்டுல வரணும். ஹெட்லைட்டுக்கு பின்னாடி ரெண்டு திருகு இருக்கும், ஒன்னு மேல கீழ, இன்னொன்னு பக்கவாட்டுல. கால் சுத்தா திருகுங்க, எத்தன சுத்துனீங்கனு எண்ணிக்கங்க. எந்த திருகு எதுக்குனு தெரியாம பத்து சுத்து சுத்திட்டு முழிச்ச ஆளுங்கள பாத்திருக்கேன்.

வெளிச்சம் இன்னும் தூரம் போகட்டும்னு கோட்டுக்கு மேல தூக்கி வைக்க கை அரிக்கும். வைக்காதீங்க. எதிர்ல வர்றவன் கண்ணு கூசி நம்ம மேலயே ஏத்துவான், அந்த ரோட்டுல ஒதுங்க இடமும் கிடையாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்லயும் முன் லைட்டு எதிர்ல இருக்குறவர் கண்ண கூசாதபடி கீழ பாத்து இருக்கணும்னு 106ஆவது விதி சொல்லுது.

8. எக்ஸ்ட்ரா லைட்டு, தேவைப்பட்டா மட்டும்

இது வரைக்கும் பண்ணி ஒரு வாரம் ஓட்டிட்டு அப்புறம் யோசிங்க. பெரும்பாலானவங்களுக்கு தேவைப்படாது.

தேவைப்பட்டா எதுக்குனு தெளிவா இருங்க. வளைவுல ஓரத்துல நிக்குற ஆடு தெரியணும்னா அகலமா, குட்டையா அடிக்குற ஃபாக் லேம்ப் வகை, பம்பர்ல கீழ மாட்டணும். பனிக்கும் அது தான், மஞ்சளா இருந்தா கண்ணுக்கு இதம். நேரான ரோட்டுல தூரம் தெரியணும்னா டிரைவிங் லேம்ப். இத ஹெட்லைட்ட விட உயரத்துல மாட்டாதீங்க. கூரை மேல வரிசையா லைட்டு வச்சா பானெட்ல பட்டு நமக்கே கூசும், செக் போஸ்ட்ல நிறுத்தவும் செய்வாங்க.

டிரைவிங் லேம்புக்கு தனி ரிலே, 55 வாட் ரெண்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேக்கு சிக்னல பிரைட் லைட்டோட லைன்ல இருந்து எடுங்க, நடுவுல ஒரு சுவிட்ச். அப்ப தான் டிம் அடிச்ச உடனே அதுவும் சேந்து அணையும். தனி சுவிட்ச்ல மட்டும் விட்டா, எதிர்ல வண்டி வரும்போது ஒரு கை டிம்முக்கு, ஒரு கை அந்த சுவிட்சுக்குனு, ஸ்டியரிங்க யாரு பிடிக்குறது?

9. ஓட்டி பாத்து சரி பாக்குறது

முதல் ராத்திரி தெரிஞ்ச ரோட்டுலயே ஓட்டுங்க. அரை மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தி, பானெட் திறந்து வயர், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர் எல்லாத்தையும் புறங்கையால தொட்டு பாருங்க. லேசா வெதுவெதுப்பு சரி, கைய எடுக்குற அளவு சூடுனா அந்த இடத்துல கிரிம்ப் (வயர் முனைய நெருக்கி பிடிச்ச இணைப்பு) சரியில்ல, அன்னைக்கே பிரிச்சு போடுங்க.

யாரையாச்சும் எதிர்ல வேற வண்டில உக்கார வச்சு டிம்ல அவங்கள நோக்கி வாங்க. கூசுதானு அவங்க தான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது. பின் சீட்ல மூணு பேரு, டிக்கில மூட்டைனு ஏத்திக்கிட்டும் ஒரு தடவ பாருங்க, மூக்கு தூக்கும், அப்ப உள்ள இருக்குற திருகுல 1 இல்ல 2 வைக்கணும். எந்த நம்பர்னு அன்னைக்கே பாத்து வச்சுக்கங்க.

டாஷ்போர்டு வெளிச்சத்தையும் செல்போன் மேப்பையும் குறைச்சு வைங்க. பக்கத்துல பளீர்னு இருந்தா கண்ணு இருட்டுக்கு பழகாது.

வேகம் எவ்ளோங்கறதுக்கு என் கணக்கு இது. 80ல போனா நொடிக்கு 22 மீட்டர். பாத்து, பிரேக் மேல கால் வைக்கவே ஒன்றரை நொடி, அதுலயே 33 மீட்டர் போயிரும், அப்புறம் நிக்குறதுக்கு காஞ்ச ரோட்டுலயே இன்னொரு 35. மொத்தம் 70 மீட்டர் கிட்ட. 60ல போனா 45 மீட்டர்ல நிக்கலாம். டிம் லைட்டுல கருப்பு சட்டை போட்டு சைக்கிள்ல போறவர் 50 மீட்டர்ல தெரிஞ்சாலே பெருசு. அதனால டிம்ல எனக்கு 60 தான் எல்லை, ஆள் இல்லாத நேர் ரோட்டுல பிரைட்ல மட்டும் அதுக்கு மேல.

கழட்டுன பழைய பல்ப தூக்கி போடாதீங்க. துணில சுத்தி டப்பால போட்டு, ரெண்டு ஸ்பேர் ஃபியூஸும் அந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் சேத்து கிளவ் பாக்ஸ்ல வச்சிருங்க.